இளவரசியின் பட்டமும் கங்காணியம்மாவின் வீடும்

சென்ற வருடம், 2003இல், மார்ச் முதல் ஜூன் வரை நடந்தவை, வரிசைப்படி:

1. இலங்கை மலையகத்தில், நமுனுகுலயில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மா அறுபது வயது முடிந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

2. அம்மா இருக்கும் வீட்டில் இனித் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி எவரும் இல்லை, ஆகவே மூன்று மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று தோட்ட அலுவலகம் கடிதம் கொடுத்தது.

3. அம்மாவோடு இருந்த என் தங்கை மலர் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, ஆசிரியைப் பயிற்சிக்காகக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பை எதிர்பார்த்திருந்தாள்.

4. இங்கே, இங்கிலாந்தில், நான் வேலை செய்யும் வைத்தியசாலையில் புதிய பிரிவு ஒன்றைத் திறந்துவைக்க அரச குடும்பத்துப் பெண் ஒருவர் வருவதாக முடிவாயிற்று. விருந்தினர் பட்டியலில் எல்லோருடைய பட்டங்களையும் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது.

5. நான் தோட்டத்துத் துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஏழு குறிப்புகள் இருந்தன.

6. கடிதம் போய்ச் சேர்ந்தது.

இந்த வாரம் எங்கள் வைத்தியசாலை நடைபாதையில் ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். புதிய பிரிவு திறந்து ஒரு வருடமாகிறது. படத்தில் இளவரசி சிறிய நீலத் திரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு, கையில் பட்டியலோடு நிற்பது நான். தினமும் அதைக் கடந்துதான் தேநீருக்குப் போக வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படித்தவள். 1999இல் கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய நகரத்துக்கு வந்தேன். தோட்டத்தில் எல்லோருக்கும் அது லண்டன்தான். திருத்திச் சொல்லி அலுத்துவிட்டேன். வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் எனக்கு வேலை. ஒருவருடைய பெயரைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் அவருடைய பட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும். திரு, திருமதி, செல்வி என்பதோடு அது நிற்பதில்லை. கீழே இறங்கிக்கொண்டே போனால் பிரபு, சீமாட்டி, கோமகள் என்று நாற்பத்தொரு பட்டங்கள். ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு விடாது. எனக்குத் திருமதி. கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருப்பதால், இங்குள்ள தாள்களின்படி நான் என் அப்பாவின் மனைவி. வந்த புதிதில் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

விழாக்களுக்குப் பொறுப்பானவள் ஜேனட். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இளவரசி வருவதற்கு முன், அவரை எப்படி அழைப்பது, பெயர் அட்டையில் எப்படி எழுதுவது என்று இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்புத் தாள் வந்திருந்தது. முதல் தடவை 'யுவர் ரோயல் ஹைனஸ்', அதன் பிறகு 'மாம்'. அட்டையில் இளவரசியின் சொந்தப் பெயர் எங்கும் வரக் கூடாது. அது தவறிப் போயிருக்கிறது என்று நினைத்து நான் ஜேனட்டிடம் காட்டினேன். தவறவில்லை என்றாள். கணவருடைய பட்டம்தான் அவருடைய பட்டம், அதற்குள் அவருடைய பெயருக்கு இடமில்லை.

இரண்டு மதிய இடைவேளைகளில் ஜேனட் எனக்கு மற்ற விதிகளையும் சொன்னாள். நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இளவரசர் என்ற பட்டம் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. அரசாள்பவரின் பிள்ளைகளுக்கு உண்டு. அவருடைய ஆண்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு உண்டு. பெண்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தானாக வராது. இளவரசரைக் கட்டுகிற பெண்ணுக்கு அவருடைய பட்டம் கிடைக்கும். இளவரசியைக் கட்டுகிற ஆணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையாகும் இளவரசருக்கு ஏதாவது ஓர் ஊரின் பெயரால் கோமகன் பட்டம் கொடுப்பதுண்டு. அந்த ஊரில் அவருக்கு வீடு இருக்க வேண்டியதில்லை. அங்கே ஓர் இரவு தங்கியிருக்க வேண்டியதும் இல்லை. கணவர் இறந்தால் மனைவியின் பட்டம் போகாது. விவாகரத்தானால் அதில் ஒரு பகுதி போய்விடும். அரசாள்பவர் ஒரு தாளில் கையெழுத்திட்டால் இதில் எதுவும் மாறலாம்.

ஜேனட் நான் குழம்புவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்கு ஒன்றும் சிரமமாக இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பங்களாவுக்கு மேலாளராக யார் வந்தாலும் அவர் பெரிய துரை, அவருடைய மனைவி துரைசாணி. அங்கே ஆறு வருடம் இருந்த துரைசாணியின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணியான அன்று அம்மா கங்காணியம்மா ஆனார். அதற்கு யாரும் தாள் கொடுக்கவில்லை. மறுநாளும் அவர் எல்லோரையும்போலக் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் முனையில் தனிக் குசினியும் கூடுதலாக ஓர் அறையும் உள்ள கங்காணி வீடு எங்களுக்குக் கிடைத்தது. 1995இல் அப்பா இறந்தார். அம்மா தொழிலாளி என்பதால் வீட்டை யாரும் கேட்கவில்லை. கங்காணியம்மா என்ற பெயரையும் யாரும் கேட்கவில்லை.

ஜேனட் சொன்னதில் ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு வைத்தேன். பெரிய குடும்பங்களில் பிள்ளைகள் சிலருக்கு இருப்பது மரியாதைப் பட்டம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. மற்றவர்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வந்த கடிதத்தைப் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்வதி என்று கூப்பிட்டபோது யாரும் போகவில்லையாம். பக்கத்தில் நின்றவர்கள் யார் அந்தப் பார்வதி என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் திரும்பிப் பார்த்தாராம். இதை மலர் எனக்கு எழுதிய கடிதத்தில் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாள். அடுத்த வரியில் மூன்று மாதம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மலரும் பஸ்ஸில் பசறைக்கு வருவார்கள். அங்கே கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா அவர்களை உட்காரவைத்துவிட்டு, என் அழைப்புக்காக ஒரு தொலைபேசியை விட்டுவைப்பார். கடிதம் கிடைத்த ஞாயிறு நான் ஒரு பட்டியலோடு தயாராக இருந்தேன். முதலாவது, அம்மாவை இங்கே அழைப்பது. விசாரித்தேன், அறுபத்தைந்து ஆகியிருக்க வேண்டும், வயது போதாது என்றார்கள். இரண்டாவது, நானே வந்து பேசுவது. என் கடவுச்சீட்டை விசா நீடிப்புக்குக் கொடுத்திருந்தேன். அது திரும்பி வரும்வரை நாட்டைவிட்டு நகர முடியாது. மூன்றாவது, பசறையிலோ ஹாலிஎலயிலோ ஓர் அறை வாடகைக்கு எடுப்பது. இது முடியும். அம்மா அங்கே இருக்கலாம். மலர் கல்லூரி விடுதிக்குப் போகலாம்.

அம்மா மறுத்தார்.

"பசறையில ரூம் எடுத்தா நான் வாடகைக்காரி," என்றார். "இங்க கங்காணியம்மா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று காலையில்தான் அந்த அடிக்கோட்டைப் பார்த்திருந்தேன்.

"அது சும்மா கூப்புடுற பேரும்மா. ஆபீஸ்ல எந்தத் தாள்லயும் அது இல்ல."



"சும்மாதான்," என்றார் அம்மா. "ஆனா பீலிக்குத் தண்ணிக்குப் போனா வழி விடுறாங்க. பசறையில யாரு விடுவா?"

பீலியில் காலை ஐந்து மணிக்கு இருபது குடங்கள் வரிசையாக நிற்கும். அம்மா வந்தால் முன்னால் இருப்பவர் தன் குடத்தைத் தள்ளி வைப்பார். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் அந்த வரிசையில் அம்மாவின் பின்னால் நின்று, முறைக்கு முன் தண்ணீர் பிடித்து வந்தவள்தான்.

அம்மா நகரமாட்டார் என்றானதும் நான் எனக்குத் தெரிந்த வழிக்குப் போனேன். கடிதம் எழுதினேன். நல்ல தாளில், கணினியில், ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டு. முதலாவது, அம்மா முப்பத்தெட்டு வருடம் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர். இரண்டாவது, அப்பா பதினான்கு வருடம் கங்காணியாக இருந்தவர். மூன்றாவது, என் தங்கை, வயது பத்தொன்பது, பிறந்ததிலிருந்து இதே வீட்டில் இருக்கிறாள். இப்படியே ஏழு வரை. ஓர் இளம்பெண்ணோடு ஒரு விதவையை வெளியே அனுப்பத் துரைக்கு மனம் வராது என்று கணக்குப் போட்டுத்தான் மூன்றாவதை எழுதினேன். கல்லூரி பற்றி எழுதவில்லை. அழைப்பு இன்னும் வரவில்லை, நிச்சயமில்லாத ஒன்றை எழுதக் கூடாது என்று நினைத்தேன். என் கணவர் வாசித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான்.

மூன்று வாரம் கழித்து வேலையிடத்தில் காலைத் தேநீர் நேரத்தில் தோட்ட அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே மதியம் தாண்டியிருந்தது. பெரிய கிளாக்கர் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக எங்கள் தோட்டத்தில் இருப்பவர். அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நடந்தவர்.

"பிள்ளை, உம்மட கடிதம் நல்ல கடிதம்," என்றார். "துரை ரெண்டு தரம் வாசிச்சவர். அதுதான் பிரச்சினை."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாக விளக்கினார். வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம் ஓய்வு பெறும் எல்லோருக்கும் போவது. போன பிறகு அதை யாரும் உடனே தொடர்வதில்லை.

"உம்மட அம்மான்ர ஃபைலை நான் அடியிலை வச்சிருந்தனான். பழைய கங்காணின்ர மனுசி, கிடக்கட்டும் எண்டு. நீர் லண்டனிலை இருந்து எழுதினா துரை பதில் போட வேணும். பதில் போடுறதெண்டா சட்டம் பாக்க வேணும்."

மூன்றாவது குறிப்பை வாசித்ததும் துரை அவரிடம் கேட்டாராம்: வேலை செய்யக்கூடிய வயதில் ஒரு பெண் வீட்டில் இருக்கிறாளே, ஏன் பெயர் பதியவில்லை? அவளுடைய பெயரைத் தொழிலாளர் பதிவில் சேர்த்தால் வீடு அவர்களுக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஜூன் முடிவில் புதிய கங்காணிக்குக் கொடுத்துவிட வேண்டும். துரை இதை ஒரு சலுகையாகத்தான் சொன்னார் என்று கிளாக்கர் இரண்டு தடவை சொன்னார். தொடர்ந்து வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், அப்போது வீடும் போகும் என்பதையும் சொன்னார்.

கல்லூரி பற்றிச் சொன்னேன். இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் அவர். "இனி எழுதாதையும்."

அடுத்த ஞாயிறு மலர் தொலைபேசிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை பெயர் பதிந்துவிட்டாள். சனிக்கிழமை முதல் வேலை. ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே, நான் ஏதாவது செய்திருப்பேனே என்றேன்.

"என்ன செய்வ? இன்னொரு லெட்டரா?"

அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலைக்குப் போன கதையைச் சொன்னாள். பெரட்டில் அவளைக் கண்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம்.

"ஒரு கெழவி, 'வாங்க கங்காணி மகளே, ஒங்க கூடை ரெடியா இருக்கு'ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். நாலு கிலோதான் எடுத்தேன்க்கா. மத்தவங்க பதினாறு."

அம்மாவைப் பசறைக்கு வரச் சம்மதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும், நீ கொஞ்சம் சொல்லிப் பார் என்றேன். அம்மா பக்கத்தில் நிற்கிறார் என்று அவள் குரல் தாழ்ந்ததிலிருந்து தெரிந்தது.

"நீ போனப்ப நான் ஒன்னும் கேக்கல அக்கா. இப்ப நீயும் ஒன்னும் கேக்காத."

நான் பதுளைக்குப் படிக்கப் போன வருடம் மலருக்குப் பத்து வயது. விமான நிலையத்துக்கு வாடகை வான் பிடித்துப் போனபோது பதினைந்து. அவள் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்க ஏதாவது இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

ஜூனில் இளவரசி வந்தார். இருபத்திரண்டு நிமிடம் இருந்தார். ஒன்றும் பிசகவில்லை, ஓர் அட்டையைத் தவிர. அந்தப் பிசகு என்னுடையது.

விருந்தினரில் ஒரு வயதான பெண்மணி இருந்தார். அவருடைய கணவர் முன்பு எங்கள் வைத்தியசாலைச் சபையின் தலைவராக இருந்து அரசியிடம் பட்டம் வாங்கியவர். அதனால் இவர் சீமாட்டி. இளவரசியின் அட்டையில் பெயரே இல்லாமல் போனது என் மனதில் இருந்திருக்க வேண்டும். இவருடைய அட்டையில் சீமாட்டி என்ற சொல்லுக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் அவருடைய சொந்தப் பெயரையும் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் அவர் பிறப்பிலேயே பிரபு வீட்டு மகள் என்று பொருளாகிவிடும். கணவரால் பட்டம் பெற்றவருக்கு அது பொருந்தாது. ஜேனட்டின் தாளில் இது இருந்தது. நான் கவனிக்கவில்லை.

அவர் கைத்தடியோடு என் மேசைக்கு வந்து, மிகவும் மரியாதையாக, இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அவருடைய தகப்பனார் ரொட்டிக்கடை வைத்திருந்தவராம். தனக்குக் கிடைத்தது எதுவோ அது மட்டும் அட்டையில் இருந்தால் போதும் என்றார். இளவரசியின் கார் வர எட்டு நிமிடம் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அட்டை அச்சாகி வரும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் இறந்து பதினாறு வருடம் என்று ஜேனட் பிறகு சொன்னாள். புதிய அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, சட்டையில் குத்திக்கொண்டு வரிசைக்குப் போனார்.

அந்த ஞாயிறு அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்றை எழுதி வைத்திருந்தேன். சும்மா கூப்பிடுகிற பேர் என்று நான் சொன்னது தவறு, அவ்வளவுதான், ஒரே வரி. அம்மா மட்டும் கடைக்கு வந்திருந்தார். மழை பற்றிச் சொன்னார். புதிய கங்காணி நல்ல மனிதர், அவரும் தன்னைக் கங்காணியம்மா என்றுதான் கூப்பிடுகிறார் என்றார். மலரின் விரல்கள் வெடித்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறாள் என்றார். பிறகு, சொல்ல மறந்துவிட்டேன் என்று ஆரம்பித்து, கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது என்றார். எப்போது என்று கேட்டேன். கடிதம் வந்து இரண்டு வாரம், தேர்வு போன புதன்கிழமை முடிந்துவிட்டது. புதன்கிழமை மலர் வேலைக்குப் போனாளாம். நான் எழுதி வைத்திருந்த வரியைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் எதற்குச் சம்மதம் சொல்வதாக ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஜூலையில் என் கடவுச்சீட்டு வந்தது. போகட்டுமா என்று கணவரிடம் கேட்டேன். போய் என்ன சொல்வாய் என்று அவர் கேட்டார். திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். மேசையில் உட்கார்ந்து, போய்ச் சொல்ல வேண்டியவற்றை எண் போட்டு எழுதத் தொடங்கினேன். ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே எதுவும் வரவில்லை.

இன்றைய நிலை இது. வீடு மலரின் பெயரில் இருக்கிறது. புதிய கங்காணிக்கு மேல் லயத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். துரை என் கடிதத்துக்கு எழுத்தில் பதில் அனுப்பியிருக்கிறார், தங்கள் குடும்பத்தின் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று. மலர் இப்போது மற்றவர்களைப் போலப் பதினாறு கிலோ எடுக்கிறாள். கல்லூரிக்கு இந்த வருடமும் விண்ணப்பம் கோரியிருந்தார்கள், அவள் போடவில்லை. அம்மா அந்த வீட்டில் இருக்கும்வரை அவளுடைய பெயர் பதிவில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார்.